உப்பும் கரியும் கொட்டிய பள்ளம்

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கவுஸ் பாஷாவின் எலக்ட்ரிக் சாமான் கடை. அதன் தகரக் கூரைக்குக் கீழே செவ்வந்தி ஓடி ஒதுங்கினாள். ஒதுங்கிய வேகத்தில், பக்கத்தில் நின்றவன் தோளில் மாட்டியிருந்த ஒயர் சுருளில் அவளுடைய பின்னல் சிக்கிக்கொண்டது.

"ஆடாதீங்க," என்றான் அவன்.

"இந்த மாதிரி சுருட்டி மாட்டிக்கினு வந்து நடுவழியில நின்னா சிக்காம இன்னா பண்ணும்?"

"மழை உங்களுக்கு மட்டுந்தான் பேயுதா?"

நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை உதட்டில் காட்டாமல் கண்ணிலேயே வைத்திருந்தான்... அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. பின்னலை உருவிக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

அவள் வந்த காரியம் இதுதான். கச்சிராயபாளையத்தில் அவள் அப்பா சுப்புராயன் புது வீடு கட்டியிருந்தார். ஒயரிங் வேலை மட்டும் பாக்கி. மகள் தினமும் டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கள்ளக்குறிச்சி வருவதால், ஆள் பிடிக்கும் பொறுப்பை அவளிடமே விட்டிருந்தார்.

"நல்ல ஒயர்மேனா ஒருத்தரு வேணும் பாய். லைசென்ஸ் இருக்கணும். வேலை சுத்தமா இருக்கணும். முக்கியமா, வாயாடாத ஆளா இருக்கணும்."

கவுஸ் பாஷா கன்னத்தைச் சொறிந்துகொண்டு அவள் பக்கத்தில் நின்றவனைக் காட்டினார். "இவன் பேரு தமிழரசன். இங்க கருணாபுரத்துப் பையன். லைசென்ஸ் இருக்கு, வேலையும் சுத்தம். மூணாவதா கேட்டியே, அதுதாம்மா கஷ்டம்."

மறுநாள் காலை முதல் டவுன் பஸ்ஸில் ஏணியும் பையுமாகத் தமிழரசன் கச்சிராயபாளையத்தில் வந்து இறங்கினான்.

சுப்புராயன் வழக்கம்போல எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அம்மா பிறந்தது எங்கே என்று வரிசையாக விசாரித்தார். சங்கராபுரம் பக்கத்தில் ஒரு ஊர்ப் பேரை அவன் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. நமக்கு வேண்டியவங்கதான் என்று மனைவி குஞ்சம்மாளிடம் சொல்லி, காபி கொடுக்கச் சொன்னார். செவ்வந்தி வேண்டுமென்றே சர்க்கரையைக் கம்மியாகப் போட்டாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயாடக் கூடாதென்று உத்தரவு இருப்பதால் காபியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றான். அம்மா சிரித்துவிட்டாள். செவ்வந்தி உள்ளே போய்ச் சிரித்தாள்.

சுவரெல்லாம் தேக்குச் சட்டம் அடித்து, அதன் மேல் நூல் பிடித்தாற்போல ஒயர் இழுத்து முடித்தான். இனி சுவிட்ச் போர்டுகள் வரவேண்டும்... அதற்குள் சாலை மறியல் வந்தது.

எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. படிப்பிலும் வேலையிலும் தனி இட ஒதுக்கீடு கேட்டு வடதமிழ்நாட்டு ஜில்லாக்கள் முழுக்க ஜனங்கள் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ரேடியோவில் வரும் செய்திகள் கேட்கக் கவலையாக இருந்தன. சுப்புராயனும் ஊராரோடு போய், கள்ளக்குறிச்சி ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய புளியமரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டு, வேர்வையும் பெருமிதமுமாகச் சாயங்காலம் வீடு திரும்பினார். திரும்பியவர் வெறும் சுவரைப் பார்த்து, சுவிட்ச் போர்டு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்.

ஏணி மேலிருந்து தமிழரசன் பணிவாகச் சொன்னான். "பாய் கடையில கட்டி ரெடியா இருக்குதுங்க ஐயா. உங்க மரத்துக்கு அந்தாண்ட."

அவர் ரோட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குளிக்கப் போனார்.

போர்டும் வரமுடியாது, அவனும் போகமுடியாது. வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில் படுக்கை, வீட்டில் சாப்பாடு என்று ஆயிற்று. கரும்புத் தோகை அசைவதையும் கல்வராயன் மலைமேல் மேகம் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை. கரண்ட் வரக் காத்துக் கிடந்த அம்மாவின் மிக்ஸியைப் பிரித்து மாட்டினான், அப்பாவின் ரேடியோவைச் சரிசெய்தான். செவ்வந்தி பரிமாறும்போது, ரசத்தில் வோல்டேஜ் ஜாஸ்தி என்றான். அவள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். இந்த மரம் அப்படியே கிடந்தால்தான் என்ன... என்று ஒரு காலையில் அவளுக்கே தோன்றி, தோன்றியதும் காது சுட்டது.

அதைப் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி கண்டுபிடித்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தபடி, ஒயரிங்காரர் வந்ததிலிருந்து உன் முகத்தில்தான் பல்பு எரிகிறது என்று சீண்டினாள். வெட்கத்தில் செவ்வந்திக்கு என்ன பேசுகிறோமென்றே தெரியவில்லை.

"சீ, போடி. அந்தக் கரண்ட்டுக் கூலிக்காரனையா நான் பாக்கப்போறேன்? எனக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

அடுத்த அறையில் ஏணி லேசாக நகர்ந்தது.

மறுநாள் பொழுது விடிந்தபோது கொட்டகையில் அவன் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போயிருந்தான். மரம் மரமாகத் தாண்டிப் போய், அடுத்த நாள் மதியம் போர்டுப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு, முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தான். வந்ததும் வேலையில் இறங்கினான். கேட்டதற்கு 'சரிங்க', 'ஆமாங்க'... அவ்வளவுதான். சாப்பாட்டைக் கொட்டகைக்கே வாங்கிக்கொண்டான். வாயாடாத ஆள் வேண்டுமென்று கேட்டவளுக்கு, அவன் பேசாத வீடு தாங்கமுடியாததாக இருந்தது.

போர்டெல்லாம் மாட்டியாயிற்று. மிச்சமிருந்தது, கசியும் கரண்ட்டை மண்ணில் இறக்கும் எர்த் பள்ளம் ஒன்றுதான். கிணற்றடியில் குழி வெட்டி, நடுவில் குழாயை நிறுத்தி, சுற்றிலும் உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடவேண்டும். மூடிவிட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் எந்தச் சாக்கில் அவனைப் பார்ப்பது?

உப்பும் கரியும் கொண்டுபோக அம்மா ஆள் தேடினாள். செவ்வந்தி முந்திக்கொண்டாள்.

அவன் மார்பளவு பள்ளத்தில் நின்றிருந்தான். விளிம்பில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது இருவர் கண்களும் ஒரே மட்டத்தில் வந்தன. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். தூறல் விழ ஆரம்பித்தது.

"ஊறுகா போடறாப்புல இருக்கு," என்றாள்.

"ஆமாங்க."

"இந்த 'ங்க' எதுக்கு இப்போ?"

"கரண்ட்டுக் கூலிக்காரன் வேற எப்படிங்க பேசறது?"

செவ்வந்தியின் கையிலிருந்த உப்பு மழையில் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. இப்போது விட்டால் இனி இல்லை என்று தெரிந்தது. குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவ என் மனச கண்டுபுடிச்சிட்டா. அந்த பயத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். சொன்னது தப்பு. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. இத சொல்லாம இந்தப் பள்ளத்த மூட வுடமாட்டேன்."

அவன் உப்பை மண்வெட்டியின் பின்பக்கத்தால் நிதானமாகச் சமப்படுத்தினான்.

"கரிய கொடு, செவ்வந்தி."

'ங்க' இல்லை. அவள் இரண்டு கையாலும் கரியை அள்ளிக் கொடுத்தாள்.

"கள்ளக்குறிச்சி போனப்போ அப்படியே நின்னுடலாம்னுதான் இருந்தேன்," என்றான். "போர்ட வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கலாம். ரோஷம் அதத்தான் சொல்லிச்சி. காலு கேக்கல. எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"ஒருத்தி என்ன மதிக்கவே இல்ல, ஆனா அவளத்தான் கட்டிக்கணும்னு இருக்குதுன்னு. ரோடு தொறக்கட்டும், நானே வந்து பாக்கறேன்னாங்க. அவங்களுக்கு முட்டி வலி, மரம் தாண்ட முடியாது."

கரிபிடித்த கையால் முகத்தை மூடிக்கொண்டதில் அவள் கன்னமெல்லாம் கறுப்பாயிற்று. அவன் சிரித்தேவிட்டான்.

பின்னால் செருப்புச் சத்தம். ரோட்டிலிருந்து திரும்பிய சுப்புராயன், பள்ளத்தில் நிற்பவனையும் மகளின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

செவ்வந்தி எழுந்து நின்றாள்.

"அப்பா... ரோட்ட எப்போ தொறப்பீங்க?"

"ஒனக்கு இன்னாம்மா அவசரம்?"

"அவங்கம்மா நம்ம வூட்டுக்கு வரணும்பா."

சுப்புராயன் துண்டை உதறினார், மடித்தார், மறுபடியும் உதறித் தோளில் போட்டார். வீட்டுப் பக்கம் நாலடி நடந்தவர், திரும்பாமலே தமிழரசனிடம் சொன்னார்.

"பள்ளத்த மூடிட்டு கைகால் கழுவிக்கினு வாப்பா. கொட்டகையில இன்னா சாப்பாடு... வூட்டுல ஒன் எல தனியா கெடக்குது."