நானூறாவது மரம்

கூரைநகரில் மரம் குடித்த பிறகுதான் மனிதர்கள் குடிக்க வேண்டும். சட்டமே அப்படி. விடிந்ததும் வீட்டுக் குழாயில் ஒரே ஒரு குடம் தண்ணீர் வரும். அதற்கு மரப்பங்கு என்று பெயர். அதைச் சுமந்துபோய் வாசல் மரத்தின் குழியில் ஊற்றினால், வேரில் குத்தியிருக்கும் வேருணரி 'நனைந்தது' என்று அலுவலகத்துக்குச் சேதி அனுப்பும். அதன் பிறகுதான் வீட்டாருக்கான தண்ணீர் திறக்கும். அதுவரை பல்லும் விளக்க முடியாது, காபியும் கிடையாது.

வெளியே வெயில் ஆளைக் கொல்லும், புழுதி நெஞ்சை அடைக்கும் என்று ஆனபோது ஊருக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டார்கள். கூரைக்குள் புதுக் காற்று எங்கிருந்து வரும்? அதனால் வீட்டுக்கு ஒரு மரம், பேட்டைக்கு ஒரு மூச்சாலை. மூச்சாலை என்பது காற்றைச் சலித்து உயிர்வளி கலந்து ஊதும் பெரிய இயந்திரம். மரங்கள் செழிப்பாக இருந்தால் அது மெதுவாக ஓடும். மரங்கள் சோர்ந்தால் வேகமெடுக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க எவனோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு. பொறுப்பில்லாமல் மரத்தைச் சாகவிட்ட குடும்பத்தைக் கூரைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஏழாம் பேட்டையில் நானூறு வீடு, நானூறு மரம். அதில் ஒன்று தில்லைநாயகியின் புங்கமரம். மற்ற வீடுகளில் உள்ளேயிருந்தே மரத்துக்குக் குழாய் போட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். நாயகிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. தினமும் இடுப்பில் குடத்தோடு வாசலுக்கு வருவாள். ஊற்றுவாள். மரத்தை அண்ணாந்து பார்ப்பாள். பிறகு உள்ளே போய், திறந்த குழாயில் முதல் தம்ளர் பிடித்து புருஷனுக்குக் கொடுப்பாள்.

புருஷன் ஏகாம்பரம் அந்தக் கூரைக்கே கண்ணாடி பதித்தவர். கூரை முடிவதற்குள் வெளிப்புழுதி அவர் நுரையீரலில் குடியேறிவிட்டது. இப்போது கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடப்பதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டும். வெளியே போவதும் சுடுகாட்டுக்குப் போவதும் அவருக்கு ஒன்றுதான். அதனாலேயே நாயகி அந்த மரத்தைப் பெற்ற பிள்ளையைப்போல வைத்திருந்தாள்.

பங்குனி வந்தது. புங்கமரம் இந்த முறை வழக்கத்தைவிட அதிகமாக இலையைக் கொட்ட ஆரம்பித்தது. பெருக்கப் பெருக்க மறுபடியும் கொட்டியது. எதிர்வரிசையைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வரும். எல்லா மரமும் பச்சைப்பசேல். ஒரு சருகு இல்லை, ஒரு பழுத்த இலை இல்லை. 'நமக்குத்தான் கைராசி இல்லையோ' என்று நொந்துகொண்டாள். அலுவலகத்தின் மூன்றாவது எச்சரிக்கையைச் சுவரில் பதித்த ஒலிபெருக்கி வாசித்தபோது ஏகாம்பரம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். மரம் நோயுற்றிருக்கிறது, காரணம் குடும்பத்தாரின் அலட்சியம், ஒரு வாரத்தில் வேருணரி அனுப்பும் குறி தேறாவிட்டால் வெளியேற்றம்.

நாயகி அலுவலகத்துக்கு ஓடினாள். பசுமைப் பிரிவின் அதிகாரி சின்ன வயதுப் பெண். முகம் நல்ல முகம்தான்.

"மேடம், ஒரு நாள்கூட தண்ணி தவறலைங்க. புங்கன்னா பங்குனில இலை கொட்டும், அப்புறம் துளிர்க்கும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். நீங்க ஒரு தடவை வந்து மரத்தைப் பாருங்களேன்."

"வந்து பாக்கறதெல்லாம் அந்தக் காலம்மா. குறி வருதில்ல, அது போதும்." அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினாள். திரையில் நூல் பிடித்ததுபோல் நேர்க்கோடுகள். நடுவே ஒன்று மட்டும் பகலில் ஏறி, இரவில் இறங்கி, சில நாளாகத் தரையைத் தொட்டுக் கிடந்தது. "இந்த நேர்க்கோடெல்லாம் ஆரோக்கியமான மரம். இந்த ஏத்த இறக்கம் உங்களோடது. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட உங்க மரம் முழு மார்க் வாங்கினதில்லை."

"மரம்னா அப்படித்தானே மேடம்..."

"முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது மரம் ஒரு மாதிரி இருக்கு, உங்க மரம் மட்டும் வேற மாதிரி இருக்கு. அவங்க எல்லாரும் தப்பு, நீங்க ஒருத்தர் மட்டும் சரியா?"

நாயகி வீடு திரும்பினாள். வாசலிலேயே, கொட்டிய இலையின் மேல் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு விசாலாட்சி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, எதுக்கு இப்படி? எந்திரிங்க. என்கூட வாங்க." விசாலாட்சி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க இன்னும் நெசமாவேவா மரத்துக்கு ஊத்திட்டிருக்கீங்க?"

அவள் வீட்டு அடுப்படியில், சன்னலோரம், ஒரு சின்னத் தொட்டியில் சோற்றுக்கற்றாழை இருந்தது. அதன் தண்டில் வேருணரி குத்தியிருந்தது. காலையில் அரைத் தம்ளர் தண்ணீர் விட்டால் போதும், கருவி 'நனைந்தது' என்று சொல்லிவிடும். மிச்சக் குடம் குளிக்கத் துவைக்க ஆகும். கற்றாழை வாடாது, உதிராது, பங்குனி சித்திரை பார்க்காது. குறி வருஷம் முழுக்க ஒரே கோடு.

"அப்ப வாசல்ல நிக்கற வேம்பு?"

"அது செத்து எத்தனையோ வருஷமாச்சு. பிளாஸ்டிக் இலை கட்டி வெச்சிருக்கோம். மேல பறக்கற கண்காணிக்குப் பச்சையாத் தெரிஞ்சா சரி. யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. இந்தத் தெருவுல எல்லாரும் ஒழுங்கா மரம் வளக்கறவங்க. நாங்க ஒரு வீடுதான் இப்படிப் பண்ணிட்டோம். நானூறுல ஒரு மரம் இல்லேன்னா ஊரு என்ன முழுகியா போயிடும்?"

நாயகி வெளியே வந்தாள். எதிர்வீட்டு வாகைமரத்தடிக்குப் போய் ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக். அடுத்த மரம். பிளாஸ்டிக். தெருக்கோடி வரைக்கும் தொட்டுக்கொண்டே போனாள். அத்தனை வீட்டிலும் 'நாங்கள் ஒரு வீடுதான்' என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது.

விஷயத்தைக் கேட்ட ஏகாம்பரம் இருமலுக்கு நடுவே சொன்னார்: "அம்மணமான ஊர்ல கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன். பேசாம நீயும் அவுத்துடு நாயகி."

அவள் அவிழ்த்தாள். வேறு வழி? விசாலாட்சி ஒரு கற்றாழைக் கன்று பிடுங்கிக் கொடுத்தாள். புங்கமரத்தின் வேரிலிருந்து கருவியை உருவும்போது நாயகி, "உன்னை விட்டுட மாட்டேன், தண்ணி எப்பவும்போல ஊத்துவேன்" என்று மரத்திடம் வாய்விட்டே சொன்னாள். மறுநாளே கோடு நேரானது. வார முடிவில் எச்சரிக்கை ரத்தானது. அன்று இரவு அவள் பல நாளுக்குப் பிறகு அசந்து தூங்கினாள்.

அதற்கடுத்த காலை அலுவலகக் குரல் பேட்டை முழுக்க ஒலித்தது. கூரைநகர வரலாற்றில் முதன்முறையாக ஒரு பேட்டை பூரணப் பசுமை அடைந்துவிட்டது. நானூற்றுக்கு நானூறு. ஒரு மரம் குறைந்தாலும் மூச்சாலை அரை வேகத்திலாவது ஓடியாக வேண்டும் என்பது சட்டம். இனி அந்தத் தேவை இல்லை. குடிமக்களின் பொறுப்புணர்வைப் பாராட்டி ஏழாம் பேட்டையின் மூச்சாலை இன்று முதல் நிறுத்தப்படுகிறது. எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் உண்டு.

கூரை போட்ட நாளிலிருந்து காதில் இருந்த ஒரு ரீங்காரம் சட்டென்று நின்றது. நாயகி கையில் பொங்கல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

இரண்டு நாளில் தெரு முழுக்கத் தலைவலி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சிலேயே தூங்கி விழுந்தார்கள். சாமி விளக்கின் சுடர் எண்ணெய் இருந்தும் சிறுத்தது. ஏகாம்பரத்தின் உதடு நீலம் பாரித்தது. விசாலாட்சியின் கைக்குழந்தை பால் குடிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. அப்போதுதான் அண்டை அயலாரிடம் மெல்ல மெல்ல உண்மை வெளியே வந்தது. உங்க வீட்டிலயுமா? உங்க வீட்டிலயுமா? முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வீடும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

சாயங்காலம் நாயகியின் வாசலில் கூட்டம் கூடியது. முன்னால் நின்றவர் உலகநாதன். தெருச் சங்கத்தின் தலைவர், எதற்கும் நியாயம் பேசுகிறவர் என்று பெயர்.

"தங்கச்சி, இந்தப் பேட்டையிலேயே நிஜ மரம் உன்னோடது ஒண்ணுதான். அந்தக் கருவியைத் திரும்ப மரத்துலயே குத்திடும்மா. நானூறு முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது ஆயிடும். மெசினு ஓட ஆரம்பிச்சிடும்."

"குத்தினா என் மரத்துக்கு நோய்னு வரும். மூணு எச்சரிக்கை முடிஞ்சது அண்ணே. எங்களை வெளிய அனுப்பிடுவாங்க. அவரு தாங்குவாரா?"

கூட்டத்தில் சிலர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"உங்க வீட்டுக் கருவியை உங்க மரத்துல குத்துங்களேன்," என்றாள் நாயகி.

"எங்களது செத்த மரம்மா. பொய் சொன்னது தெரிஞ்சா வேற குத்தம். உன்னோடது வெறும் நோய்தானே?"

"அப்ப எல்லாருமாச் சேர்ந்து போய்ச் சொல்லிடுவோம். நானூறு குடும்பத்தையுமா வெளிய அனுப்பிடுவாங்க? நான் முதல்ல வர்றேன். யாரு யாரு வர்றீங்க?"

ஒருவருக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் பெரியவர்களைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சொன்னார். வேறொருவர் தன் மகனுக்கு இப்போதுதான் வேலை உறுதியாகியிருக்கிறது என்றார். உலகநாதன் கைகூப்பினார்: "குழந்தை குட்டிங்களை நினைச்சுப் பாரும்மா."

"நீங்க நினைச்சீங்களாடா பாவிங்களா?" என்று நாயகி கத்தினாள். "என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமா மூச்சுக்குத் திண்டாடினாரே, அது உங்க பிளாஸ்டிக் இலையாலடா! மரம் இருக்குன்னு நம்பித்தானே அந்த மெசினு பாதியாவே ஓடிச்சு!" சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். விசாலாட்சி மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுக்கு அழக்கூட மூச்சுப் போதவில்லை.

உள்ளே ஏகாம்பரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இங்க இருந்தா ரெண்டு நாள். வெளிய போனா கொஞ்சம் கூடவே கிடைக்கும்," என்றார். பெருந்தன்மை எல்லாம் இல்லை, அவர் கண்ட நிஜம் அவ்வளவுதான். நாயகியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். தியாகம் கியாகம் என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம். மூச்சு விட வழி இருக்கிற பக்கம் போனார்கள், அவ்வளவுதான். அவள் கற்றாழையிலிருந்து கருவியைப் பிடுங்கி, வெளியே வந்து, கூட்டத்தில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் புங்கமரத்தின் வேரில் குத்தினாள்.

விடிவதற்குள் ரீங்காரம் திரும்பி வந்தது. கூடவே வெளியேற்ற வண்டியும் வந்தது.

தெருவே திரண்டு வழியனுப்பியது. தூக்குச்சட்டி நிறையப் புளிசாதம், வழிக்கு முறுக்கு, புழுதிக்கு முகத்துணி. உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களை மறக்க மாட்டோம் அண்ணே" என்றார். ஏகாம்பரம் அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. வெளியே அவர் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. நாயகி தன்னந்தனியாக அவரைப் புழுதியில் புதைத்தாள்.

அவர்கள் போன மறுவாரம் புங்கமரம் துளிர்விட்டது. தெரு நிம்மதியாக மூச்சுவிட்டது. எப்படியும் அந்த மரம் முழு மதிப்பெண் வாங்காது, மூச்சாலையும் நிற்காது. அடுத்த பங்குனி வரைக்கும் இனி அந்த வீட்டுக்கு வரப்போகிறவர்களுக்கும் ஆபத்தில்லை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெருச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்கப்போனார், பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார்.

வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தது ஓர் இளம் ஜோடி. அவன் பெயர் நந்தகோபன். மனைவி சாருலதாவுக்கு ஆறு மாதம். தெருவே வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றது. இப்படியொரு அன்பான தெருவா என்று அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை இடுப்பில் குடத்தோடு அவள் வாசலுக்கு வந்தபோது உலகநாதன் பக்கத்திலேயே நின்று எப்படி ஊற்ற வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

"இந்த வயித்தோட தினமும் குடம் தூக்க முடியுமான்னு பயமா இருக்கு மாமா," என்றாள் சாருலதா. "எங்க பழைய பேட்டையில ஒருத்தர், கத்தாழையில ஏதோ..."

"சிவ சிவா!" உலகநாதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்தப் பேச்சே பேசக்கூடாது தாயே. குடம் தூக்க முடியலைன்னா சொல்லு, நாங்க முறை வெச்சுத் தூக்கறோம். ஆனா கருவி மரத்துலதான் இருக்கணும். இது உன் மரம் என் மரம் இல்லம்மா, பொது மரம். ஊருக்குன்னு நமக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?"

பின்னால் நின்ற தெரு முழுவதும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.