வரிசையில் நின்ற துடிப்புகள்

"இப்பதாங்க குட்டி இருமிக்கிட்டே எழுந்து உட்கார்ந்தா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டா. நான் கீழ போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்," என்று வார்டிலிருந்து மனைவி போனில் சொன்னாள். ஆனால் அவன் முன்னிருந்த திரையில் மகளின் இதயக் கோடு சீராக ஓடிக்கொண்டிருந்தது. இருமியதற்கான ஒரு நடுக்கம்கூட அதில் இல்லை.

ஆஸ்பத்திரியின் சர்வர் அறை அவன் பொறுப்பு. ஜன்னல் இல்லாத அந்த அறையில் விசிறிகளின் ஓயாத இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் வெளியே மதிய வெயில் அடிப்பதையே மறக்கடித்துவிடும். சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்போல ஓடும் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் மெமரியை அளந்து அளந்து கொடுப்பதால் அவனுக்குக் கஞ்சன் என்றே பெயர். பெற்ற பிள்ளை வார்டில் சேர்ந்ததும்தான் கை தாராளமானது. அவள் துடிப்பில் ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று, வார்டு மெஷினில் துடிப்புகளை வாங்கித் திரைக்கு அனுப்பும் நெட்வொர்க் டிரைவர் புரோகிராமுக்கு இருந்த மெமரி வரம்பை எடுத்துவிட்டான்.

இப்போது அந்த டிரைவர் மெமரியை விழுங்கிக்கொண்டிருந்தது. வருகிற துடிப்பை எல்லாம் வாங்கி வாங்கி வரிசையில் நிறுத்தியிருந்தது. பழையது போன பிறகுதான் புதியது திரைக்கு வரும். நர்ஸ் பார்த்துக்கொண்டிருப்பதும் இதே கோட்டைத்தான். எப்போதோ துடித்த துடிப்பை.

வார்டுக்கு அழைத்தான்.

"சிஸ்டர், என் பொண்ணைப் போய்ப் பாருங்க."

"நல்லாத் தூங்கறா சார். ஸ்கிரீன்ல பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

"அதை நம்பாதீங்க! அது பழசு. நேர்ல போய்த் தொட்டுப் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம். கட்டிலைச் சுற்றிய துணித்திரை விலகும் சத்தம்.

"சார்..." நர்ஸின் குரல் நடுங்கியது. "கட்டில் காலியா இருக்கு. ஒயரெல்லாம் தரையில கிடக்கு."

அவன் கீபோர்டை இழுத்தான். தப்பு என்னுடையது, என்னுடையது என்று முணுமுணுத்தபடியே பழைய வரம்பை அடித்தான். இனி துடிப்புகள் வரிசையில் காத்து நிற்காது. இந்த நொடியில் துடிப்பதே திரையில் தெரியும். ஒயர் கழன்றிருந்தால் வெறும் கோடுதான் வரவேண்டும்.

பழைய துடிப்புகள் மொத்தமாக உதிர்ந்தன. திரை ஒருமுறை அணைந்து எரிந்தது.

வெறும் கோடு இல்லை.

துடித்தது. வேகமாக. தலைதெறிக்க ஓடும் குழந்தையின் துடிப்பு.

அதற்கு நடுவே இன்னொரு துடிப்பு. மெதுவாக. மிகப் பெரிதாக. ஒவ்வொரு முறையும் அவளுடையதற்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.