வந்தாச்சு

கருங்கல் மலை அது, சின்னதுதான். பின்பக்கம் மரங்களோடு சாய்வாக ஏறி, உச்சியில் மழைக்கு மட்டும் நிறையும் ஒரு குட்டையில் முடியும். முன்பக்கம் செங்குத்து. தூண்களை நெருக்கி நிறுத்தியதுபோல் பாறை. அதிலிருந்து உடைந்து விழுந்த கற்கள் அடிவாரம் முழுக்கக் குவிந்து கிடந்தன.

குவாரி மேஸ்திரி தன் தங்கையை அங்கே அழைத்து வந்தபோது உச்சி வெயில், மதிய வெடிக்காக ஆட்களெல்லாம் விலகிப் போயிருந்தார்கள். அவளுக்கு மறுகல்யாணம் பேசி முடித்திருந்தான். புருஷன் வேலை செய்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அந்தப் புருஷன் எவளோடோ ஓடிப்போய்விட்டதாக ஊரெல்லாம் சொன்னவன் இந்த அண்ணன்தான். அவளுடைய பாதி மனது நம்பியது. மீதி மனது தூங்கவிடவில்லை.

"பாத்தாச்சுல்ல? போலாம் வா," என்றான். பருத்த உடம்பு, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசிலடிக்கும்.

அவள் நகரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கணுக்காலில் மட்டும் சில்லென்று காற்று பட்டது, ஈரப் பாசி வாசனையோடு. கல் இடுக்கிலிருந்து வந்தது. பனிக்காலத்துக் குளிரை உள்ளே வைத்திருந்து கோடையில் விடும், இந்த மலை அப்படித்தான் என்றான் அண்ணன். அவள் குனிந்தாள்.

இடுக்குக்குள் யாரோ பேசினார்கள்.

"வந்தாச்சு."

அண்ணனின் குரல். ஆனால் அண்ணன் வாயே திறக்கவில்லை.

எதிரொலி என்றான். முகம் வெளிறியிருந்தது. "வந்தாச்சு" என்ற அந்தச் சொல் அவளுக்குத் தெரியும், புருஷன் சொல்லியிருக்கிறான். வெடி வைப்பவர் உச்சியில் இருப்பார், அங்கிருந்து அடிவாரம் தெரியாது. எல்லோரும் வெளியே வந்தாச்சா என்று மேலிருந்து கத்துவார். மேஸ்திரி ஒவ்வொரு தலையாகப் பார்த்துவிட்டு "வந்தாச்சு" என்பான். அப்புறம்தான் வெடி.

"கடைசியா அவரு வேலைக்கு வந்த அன்னிக்கு, நீ பாத்தியாண்ணா?"

அவன் கண் இடுக்கிலேயே இருந்தது. உள்ளே அவள் புருஷனுடைய மஞ்சள் ஹெல்மெட் கிடந்தது. அவள் பார்ப்பதற்குள் எடுத்துவிட நினைத்து, குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டான்.

கை திரும்பி வரவில்லை.

"உள்ள... யாரோ பிடிச்சிருக்காங்க," என்று முனகினான். "கடப்பாரை எடுத்துட்டு வா."

என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன், ஓடினாள். தூரத்துக் கொட்டகையை எட்டியபோது வெடிச் சங்கு ஊதியது. உச்சியிலிருந்து குரல் இறங்கியது.

"கீழ எல்லாரும் வந்தாச்சா?"

அண்ணன் காலை உதைப்பது தெரிந்தது. கத்தப் பார்த்தான். மூச்சு வாங்கியதில் விசில் மட்டும்தான் வந்தது.

கற்களுக்குள்ளிருந்து பதில் போனது. உரக்க, அவனுடைய குரலிலேயே.

"வந்தாச்சு."

இல்லை என்று கத்த அவளுக்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்தாள். செத்துக் கிடந்தவனை ஓடிப்போனவன் என்று திட்டித் திட்டி, தான் அழுததெல்லாம் நினைவுக்கு வந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

தூண்கள் சரிந்தன.

மேஸ்திரியைத் தேடிக் களைத்தவர்கள், எங்கேயோ ஓடிப்போய்விட்டான் போலிருக்கிறது என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

குவாரியை மூடிவிட்டார்கள். கோடையில் அந்த இடுக்குகளிலிருந்து இன்னும் குளிர்காற்று வருகிறது. இப்போது அதில் ஒரு விசில் கேட்கிறது. நின்று நின்று, மூச்சு வாங்குவதுபோல்.