மருந்து கலக்காத குழாய்

"அண்ணை, கிட்டடியிலை ஏதும் குளிசை போட்டனீங்களோ?"

மழைக்கு ஒதுங்கி நிற்கிறவனிடம் ஒரு பெண் முதன்முதலாகக் கேட்கிற கேள்வியா இது! பல்கலைக்கழக ஆய்வுகூடத்து பிரிட்ஜைத் திருத்த வந்த மயூரதன் நிமிர்ந்தான். நனைந்த இமைகள்... அவற்றின் கீழே, மழை இருட்டிய கீரிமலைக் கடல்போல இரண்டு கண்கள்...

"இல்லை..."

"அப்ப கொஞ்சம் இரத்தம் தருவியளோ?"

முழுவதையும் கொடுத்திருப்பான்.

அவள் ஜெனிற்றா. வீக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தைச் சற்றே மாற்றி, வயிற்றைப் புண்ணாக்காமல், நாளத்தில் இரத்தம் கட்டிப்போகாமல் தடுக்கும் புது மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்க, குளிசை, மாத்திரை எதுவும் கலவாத இரத்தம் வேண்டும். மயூரதன் கிழமைக்கொருதரம் சட்டை மினுக்கி, தலைவாரிப் போனான். ஊசிக்குத்தானே போகிறான், கலியாணத்துக்கா?

அங்கேதான் கீர்த்திகன் குறுக்கே வந்தான். அவளோடு ஒன்றாகப் படித்தவன். அவனும் இரத்தம் கொடுப்பவன்.

"கீர்த்திகன்ரை இரத்தத்தைப் பாருங்கோ அண்ணை... சோக்கான இரத்தம்! மருந்து கலக்காத குழாயிலை உடனை கட்டுது!" குழாயை வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தாள்.

உவன் கீர்த்திகன்... நான் மட்டும் அண்ணையோ?

அடுத்தவனின் அழகில் பொறாமைப்படலாம், அரசாங்க வேலையில் பொறாமைப்படலாம்... இரத்தத்தில் பொறாமைப்பட்ட முதல் யாழ்ப்பாணத்தான் இவனாகத்தான் இருப்பான். காங்கேசன்துறை வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே தலை வெடித்தது. அஸ்பிரின் போட்டான்.

அடுத்தமுறை அவள் முகம் சுருங்கியது.

"மருந்து கலக்காத குழாயிலையும் உங்கடை இரத்தம் ஒழுங்காக் கட்டேல்லை. குளிசை போட்டனீங்களோ?"

இல்லையென்று சொன்னால் தொடர்ந்து வரலாம். ஆனால் அவளுடைய சோதனை பிழைத்துப்போகும்... மானத்தை விழுங்கினான்.

"ஓம். தலையிடிக்கு அஸ்பிரின்."

"அஸ்பிரின் இரத்தத்தைக் கட்டவிடாதெல்லோ! ஏன் தலையிடி?"

"நீங்கள் உவன்ரை இரத்தத்தைப் புகழ்ந்தனீங்கள். எனக்கு... உங்களிலை விருப்பம்."

அவள் குழாயைக் கீழே வைத்தாள்.

"உங்களை ஆய்விலையிருந்து எடுத்துவிடுறன்," என்றாள் மெல்ல.

சரி, முடிந்தது. எழுந்து கதவடிக்குப் போனான்.

"நில்லுங்கோ! ஆய்வுக்கு இரத்தம் தாற ஆக்களோடை நாங்கள் வேறை கதை கதைக்கக் கூடாது. அதுதான் அண்ணை, அண்ணையெண்டு... என்னைக் கட்டுப்படுத்தினனான்."

"அப்ப கீர்த்திகன்?"

"அவனோடை எனக்குக் கட்டுப்பாடு தேவைப்படேல்லை."

கண்கள் தாழ்ந்தன... கன்னம் சிவந்தது...

"நாளைக்கு பிரிட்ஜ் திரும்பப் பழுதாகும்போலை கிடக்கு. வருவியளோ... மயூரதன்?"