மூக்கில் ஒன்றுமில்லை

அது முத்லக்கின் இருமல். ஈரமே இல்லாமல், காய்ந்த ஓலையைக் கிழிப்பதுபோல் வரும் இருமல். ஆனால் முத்லக்கை நேற்றே புதைத்தாகிவிட்டது. டாக்டர் மிஷால் நிமிர்ந்து பார்த்தார். வெளியே மணற்காற்று ஜன்னலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாருமில்லை. மறுபடி இருமல் கேட்டபோதுதான் குலுங்கியது தன் நெஞ்சு என்று தெரிந்தது.

ஒட்டகம் மேய்ப்பவர்கள் என்றாலே அவருக்கு இளக்காரம். ஒட்டகக்காரன் முத்லக் கடுங்காய்ச்சலோடு வந்தபோது, ஒட்டகத்திடமிருந்து தொற்றும் காய்ச்சலோ என்று மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கிருமி இல்லை.

"வெறும் சளி. ஒட்டகத்துக்கு முத்தம் குடுத்துட்டு இங்க வந்து நம்ம உயிரை வாங்குறானுங்க."

"சில பேருக்குக் கிருமி மூக்குல தெரியாது, நெஞ்சுக்குள்ளதான் இருக்கும். அங்கருந்து சளி எடுத்துப் பாக்கலாமா டாக்டர்?" என்றான் பதர், அவரிடம் பயிற்சி பெறும் இளம் மருத்துவன்.

"மூக்கு சுத்தமா இருந்தா அவ்வளவுதான். எழுதி வெச்சுக்கோ."

முத்லக்கின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன. தட்டணுக்களும் குறைந்தன. நெஞ்சுப் படத்தில் இரு பக்கமும் வெள்ளை படர்ந்தது. வயசு, சர்க்கரை என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டார். முத்லக் நன்றியோடு எழுந்து, ஊர் வழக்கப்படி, தன் மூக்கை அவர் மூக்கோடு வைத்து அழுத்தினான். மகன்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் விலக முடியவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் அருவருப்போடு துடைத்துக்கொண்டார்.

இருமல் தொடங்கிய சில நாளில், முத்லக் கிடந்த அதே படுக்கையில் அவர் கிடந்தார். முகமூடிக்குள் ஆக்சிஜன் இரைந்தது. தன் ரத்த அறிக்கையைப் பார்த்தார். வெள்ளையணு குறைவு. தட்டணு குறைவு. படத்தில் இரு பக்கமும் வெள்ளை.

பதர் சிரித்துக்கொண்டே வந்தான். "மூக்குல ஒண்ணுமில்ல டாக்டர். வெறும் சளி."

"நெஞ்சு... நெஞ்சுலருந்து..." குரல் எழவில்லை.

"என்ன, ஒட்டகக்காரன் மாதிரி பயப்படுறீங்க? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே! உங்க பையன் ராகான் வெளிய அழுதுட்டு நிக்கிறான். உள்ள அனுப்பறேன்."

வேண்டாம். கை எழவில்லை. கதவு திறந்தது.

ஆறு வயது. தலையில் மணல். கட்டிலில் ஏறினான்.

"பாபா, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே வணக்கம் சொல்றேன், பாருங்க."

சின்ன விரல்கள் முகமூடியை விலக்கின. குளிர்ந்த சின்ன மூக்கு அவர் மூக்கில் பதிந்தது. அழுத்தியது. விலகவில்லை.

அவர் வாயை இறுக மூடினார்.

நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் ஏறி வந்தது.