ஒரு துண்டு டேப்

"இதை மேசைக்கு அடியில வைக்கக் கூடாது சார்."

மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்த விக்னேஷ்குமார் சட்டென்று நிமிர்ந்தான். மேசை விளிம்பு உச்சந்தலையில் நங்கென்று இடித்தது. வலியில் மூடிய கண்ணைத் திறந்தபோது எதிரே இரண்டு கண்கள்... அகலமான கண்கள். அடிபட்டவனைப் பார்த்து ஒரு 'ஐயோ' கூடச் சொல்லாத கண்கள்.

வெளியே மழை. வேடசந்தூர்ப் பக்கம் மழை வருவதே அபூர்வம். அன்றைக்கென்று பார்த்து நூல் மில்லின் தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில், வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசில் ஆளுக்கு ஆள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"பதினாலு சிஸ்டமும் அடியிலதாங்க இருக்கு."

"பதிமூணு அடியிலயே இருக்கட்டும். என்னோடது மேல."

"தங்கமுத்து சார் திட்டுவாரு."

"சூப்பர்வைசர்ட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மேல வைங்க."

திமிரு... என்று நினைத்துக்கொண்டே கம்ப்யூட்டர்ப் பெட்டியை மேசை மேல் வைத்தான். வைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். நாற்காலியில் இரண்டு காலையும் மடக்கி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் சூர்யகலா என்று பேர் போட்டிருந்தது. 'சார்' என்றுதான் கூப்பிட்டாள். நல்லவேளை, 'அண்ணே' இல்லை... அந்த நிம்மதி எதற்கென்று அவனுக்கே அப்போது விளங்கவில்லை.

திண்டுக்கல் நாகல் நகரில் விக்னேஷ்குமாருக்குச் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. மில்லில் அவனைக் கூப்பிட்டிருந்தது பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்கிற புது ரக டிஸ்க்கை மாட்ட. ஹார்ட் டிஸ்க் கட்டையாக, கனமாக இருக்கும். பெட்டிக்குள் அதற்கென்று விட்ட இடமும் பெரிது. எஸ்எஸ்டியோ சீட்டுக்கட்டைவிட மெலிசு. அம்புட்டுப் பெரிய இடத்தில் அது தானாக நிற்காது. பிராக்கெட் என்று ஒரு தகரத் தட்டு உண்டு. அதில் எஸ்எஸ்டியை நாலு பொடி ஸ்க்ரூ போட்டு உட்கார வைத்து, தட்டை நாலு பெரிய ஸ்க்ரூவால் பெட்டியோடு முடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் அந்தத் தொல்லைக்கெல்லாம் போவதில்லை. இரண்டு பக்கமும் பசையுள்ள டேப்பில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே ஒட்டி, மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இவன் எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினான். பிறகு பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்து, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தான்.

"என்ன சார், பிள்ளைக்கு ஏப்பம் எடுக்கிறீங்களா?"

அவள்தான். முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் கண்ணில் இருந்தது.

"உள்ள ஏதும் ஆடுதான்னு பாக்குறேங்க."

"இம்புட்டு ஸ்க்ரூ எதுக்கு? ஒட்டுனா ஒட்டாதா?"

"ஒட்டும்." அவன் குரல் என்னவோ இறங்கிப்போனது. "வெயில்ல பசை விட்டுரும்ங்க."

மூன்று நாளில் முடிய வேண்டிய வேலை ஆறு நாள் ஓடியது. ஏன் ஓடியது என்று தங்கமுத்துவுக்குத்தான் புரியவில்லை. ஆபீசில் மற்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆறாம் நாள் சாயங்காலம் மறுபடி மழை. பைக்கில் கொண்டுபோய் விடவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சின்னாளபட்டில எங்கப்பா தறியில உக்காந்தாலும் கண்ணு ரோட்டுலதான் இருக்கும். மில் பஸ்லயே போயிக்கிறேன்."

விக்னேஷ்குமார் பைக்கை மில்லிலேயே விட்டுவிட்டு மில் பஸ்ஸில் ஏறினான். மறுநாள் காலையில் பைக்கை எடுக்க வேடசந்தூர் வரை இன்னொரு பஸ் பிடித்து வந்தவனைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் நடந்தே கூட வந்திருப்பான்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஓடியது. மில் பஸ்ஸிலிருந்து இறங்கி சின்னாளபட்டி டவுன் பஸ் ஏறும்வரை அவளுக்கு இருபது நிமிஷம் கிடைக்கும். ஒரு டீ, கொஞ்சம் பேச்சு, நிறைய மௌனம்... அவ்வளவுதான். ஆனால் அந்த இருபது நிமிஷத்துக்காகவே அவனுக்குப் பொழுது விடிந்தது.

கார்த்திகை நடுவில் ஒரு நாள் அவன் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரவா?"

அவள் டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"சொல்லுங்க."

"என் சிபியு ஏன் மேசை மேல இருக்குன்னு நீங்க கேக்கவே இல்ல."

"கேட்டா திட்டுவீங்கன்னு..."

அவள் சிரிக்கவில்லை.

"மில்லுக்கு வர்றதுக்கு முன்னாடி பைபாஸ் ரோட்டுல ஒரு தனியார் ரத்த வங்கில வேலை பாத்தேன். போன வருஷம் சித்திரை, உச்சி வெயில். ஆத்தூர்ல ஒரு பொண்ணுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. அழகம்மாள்னு பேரு. அவ ஆத்தா ஜக்கம்மாள் சீட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியாந்து என் முன்னாடி நிக்கிறாங்க. லேசுல கிடைக்காத குரூப்பு. எந்தப் பை எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்லதான் பாக்கணும். நான் பதட்டத்துல எந்திரிச்சேன். கால் சிபியுல பட்டுச்சு. ஸ்கிரீன் அப்படியே கறுத்துப்போச்சு. திரும்பப் போட்டா டிஸ்க்கே இல்லைன்னு காட்டுது. ஒவ்வொரு பையா எடுத்துப் பாத்து, டாக்டரைத் தேடிப் பிடிச்சு கையெழுத்து வாங்கி... முக்கா மணி நேரம். பை போய்ச் சேர்றப்ப அவ இல்ல."

டீக்கடைச் சத்தம் எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது அவனுக்கு.

"மெக்கானிக் வந்து திறந்து பாத்துட்டு, யாரோ காலால எத்திட்டாங்க, கேபிள் கழண்டுருச்சுன்னு சொன்னாராம். அன்னைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வேலை போனதுகூடப் பரவால்ல. இந்தக் காலு... தரையில வைக்கவே பயமா இருக்கு."

அந்த மெக்கானிக் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த ரத்த வங்கிக் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டியை மாட்டிவிட்டு வந்தவனும் அவன்தான். அன்றைக்குக் கையில் பிராக்கெட் இல்லை. மதுரையிலிருந்து வர ஒரு நாள் ஆகும். இன்னொரு தடவை அலைய வேண்டுமே என்று சோம்பல் பட்டு ஒரு துண்டு டேப் ஒட்டினான். பதினைந்தே நாள். கூப்பிட்டார்களே என்று போய்ப் பெட்டியைத் திறந்தால், வெயிலில் பசை வெல்லப்பாகாக இளகி, எஸ்எஸ்டி கீழே விழுந்து கிடந்தது, கேபிள் கழன்று தொங்கியது. என்னப்பா ஆச்சு என்று மேனேஜர் கேட்டார். யாரோ காலால் எத்தியிருக்காங்க சார்... வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் ஒரு பெண் செத்துப்போன சேதி காதில் விழுந்தது. திரும்பி உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்தக் காலுக்குச் சொந்தக்காரி யாரென்றும் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து டேப்பைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு விரதம் எடுத்துக்கொண்டு, பாவம் தீர்ந்தது என்று இருந்துவிட்டான்.

"இப்ப சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வாரீங்களா?"

அந்தக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் அவள் மனதில் இருந்து ஒரு பெரிய பாரம் இறங்கும். அதோடு இவனும் இறங்கிவிடுவான். இனி இந்த இருபது நிமிஷம் இல்லை...

"வாரோம்," என்றான். "பஸ் வந்துருச்சு பாருங்க."

கோழை. வேறு என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை அவன் போகவில்லை. அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். சூர்யகலாவிடமிருந்து நாலு தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு மெசேஜ் வந்தது.

'புரியுதுங்க. உங்க மேல தப்பில்ல. ஒரு உயிர் போகக் காரணமா இருந்தவளைக் கட்டிக்க யாருக்கும் பயமாத்தான் இருக்கும்.'

அதைப் படித்த பிறகு அவனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. அவன் பேசாமல் இருந்த குற்றமும் அவள் காலில்தான் போய் விழுந்திருக்கிறது. இன்னும் எத்தனை தடவை தன் பழியைத் தூக்கி அந்தப் பெண் மேல் வைப்பது?

திங்கட்கிழமை ஷிப்ட் விடும் நேரத்தில் மில் கேட்டில் போய் நின்றான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப்போகப் பார்த்தாள்.

"செத்த நேரம் நில்லுங்க. அந்த ரத்த வங்கி மெக்கானிக் நான்தான்."

நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமையை, டேப்பை, இளகின பசையை, மேனேஜரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை. தனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்த்துக்கொள்ளவில்லை.

"என் கால் இல்லையா?"

"இல்லங்க."

"நிச்சயமாத் தெரியுமா?"

"பசை முழுசா விட்டுருந்துச்சு. கதவைச் சாத்துனாலே விழுந்திருக்கும். உங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல. அது தெரிஞ்சேதான் நான் கால்னு சொன்னேன்."

அவள் அழவில்லை. கத்தவில்லை. தூறலில் நனைந்த முகத்தைத் துடைக்கவும் இல்லை.

"மாசாமாசம் ஆத்தூர் போறேன், தெரியுமா? ஜக்கம்மா கால்ல விழுந்துட்டு வாரேன். இருபது மாசமா."

மில் பஸ் ஹாரன் அடித்தது. படியில் ஏறியவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்கிட்ட சொன்னது பத்தாது. ஞாயித்துக்கிழமை காலைல ஆத்தூர் பஸ்ல ஏறுங்க. நான் சின்னாளபட்டில ஏறிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கடைசி சீட்டில்.

ஜக்கம்மாள் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அழகம்மாள் விட்டுப்போன பெண் குழந்தை தோலை எல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சூர்யகலாவைப் பார்த்ததும் "அத்த" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே அவன் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவை ஆரம்பித்து, நாலாவது தடவைதான் சொல்லி முடித்தான்.

ஜக்கம்மாள் உரித்த மொச்சையைத் தள்ளி வைத்தாள்.

"ஒட்டுனது சோம்பேறித்தனம். சரி, உலகத்துல யாரு சோம்பல் படல. பழியை இந்தப் பொண்ணு மேல கொண்டுபோய்ப் போட்டியே, அதுக்கு என்ன பேரு?"

அவன் தரையில் கிடந்த மொச்சைத் தோலைப் பார்த்தான்.

"நீ இனிமே என் கால்ல விழ வராத தாயி," என்றாள் சூர்யகலாவிடம். "என் பேத்தியைப் பாக்க வா. சும்மா வா." பிறகு அவனைப் பார்த்தாள். "நீ போ அப்பு. ஒன்னைய வையவும் தெம்பில்ல, மன்னிக்கவும் மனசில்ல. போயிரு."

பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். அணைக்கட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. சிமெண்டு பெஞ்சில் அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"வெள்ளிக்கிழமை சுங்குடிச் சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "எங்கப்பா நெசவைப் போட்டுட்டு நாலு தடவை வாசலுக்கு வந்து பாத்தாரு."

"எந்த முகத்தோட நான் வர்றதுங்க..."

"பேசாதீங்க. நான் சொல்லி முடிச்சுக்கிறேன்." மூச்சை இழுத்து விட்டாள். "திங்கக்கிழமைல இருந்து உங்களை வெறுத்துரணும்னுதான் பாக்குறேன். வேலை செய்யும்போது பாக்குறேன், சாப்பிடும்போது பாக்குறேன். வரல. பிடிச்சிருக்கு. இம்புட்டும் தெரிஞ்ச பிறகும் பிடிச்சுத் தொலையுது. அதான் கோவம் கோவமா வருது..."

அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இந்தக் கோவம் போறவரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் வரக் கூடாது. பஸ் ஸ்டாண்டுக்கும் வரக் கூடாது."

"சரிங்க."

"போயிருச்சுன்னு நான் சொன்னப்புறம் வராம இருந்தீங்கன்னா..."

அவள் குரல் உடைந்துவிட்டது. அவன் அந்த ரோட்டோரத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சூர்யகலா தேற்றவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டாள்.