காலைத் தொடும் நிழல்

கடலோர விடுமுறை வீட்டுச் சாவியோடு ஒரு கறுப்புக் கண்ணாடியையும் காவல்காரர் என் கணவரிடம் நீட்டினார்.

"போன மாசம் வந்தப்ப விட்டுட்டுப் போயிட்டீங்க சார்."

"நான் இல்லையே. வேற யாரோடதாவது இருக்கும்."

காவல்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணாடியின் இடது காதுக் கம்பியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. திருகாணி கழன்றபோது அதைச் சுற்றிக் கொடுத்தவள் நான்தான்.

போன மாதம் இவர் வெளியூர் போனது உண்மை. மருந்துக் கம்பெனி விற்பனைக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். கடலைப் பற்றி மூச்சு விடவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. மகள் பக்கத்தில் இருந்தாள். எட்டு வயது, பெயர் வேறு, ஆனால் வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பெட்டிகளை உள்ளே வைத்தேன், ஜன்னல்களைத் திறந்தேன். உப்புக் காற்றில் தாழ்ப்பாள்கள் துருப்பிடித்து, ஒவ்வொன்றும் முனகிக்கொண்டே திறந்தது. மெத்தையில் ஈர வாடை. வருடா வருடம் இதே வீடு, இதே வாடைதான். இந்த முறை எனக்கு அது பிடிக்கவில்லை. எவள் படுத்த மெத்தையோ என்று நினைத்தேன். சந்தேகம் என்பது அப்படித்தான், வந்த வீட்டில் முதலில் படுக்கையைத்தான் பார்க்கும்.

எங்கள் குடும்பத்தில் போட்டோ எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. செல்ஃபி என்றாலே இவருக்கு ஆகாது. "வெயில் எப்பவும் எடுக்கறவன் முதுகுல இருக்கணும்" என்பார். நானும் வாலுவும் நிற்போம். தொப்பி போட்ட இவருடைய நிழல் மணலில் நீண்டு வந்து எங்கள் காலைத் தொடும். தொட்ட பிறகுதான் எடுப்பார். அப்போதுதான் மூன்று பேரும் படத்தில் இருக்கிறோம் என்று கணக்கு. கல்யாணமான வருடம் விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது வீட்டுச் சுவர் முழுக்க அந்தத் தொப்பி நிழல்தான்.

அன்று சாயங்காலமும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றோம். இவர் எதிரே நின்று, நிழல் எங்கள் காலைத் தொடும்வரை நகர்ந்து நகர்ந்து வந்தார். எடுத்ததும் போனைக் காட்டாமல் பையில் போட்டுக்கொண்டார்.

"காட்டுங்க."

"நல்லா வரலை. அப்புறம் பார்க்கலாம்."

எத்தனை மோசமான படத்தையும் மூன்று தடவை காட்டிப் பெருமையடிக்கிற மனுஷன். இவர் குளிக்கப் போனதும் போனை எடுத்தேன்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நிழலைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எது நிழல், எது அழுக்கு, எது கை ஆடியதால் வந்த கோடு என்று எனக்குத் தெரியும்.

படத்தில் இரண்டு நிழல்கள் இருந்தன.

ஒன்று தொப்பி. பக்கத்தில் இன்னொன்று, தொப்பியில்லாமல், அவிழ்ந்த முடியோடு, இவர் தோளோடு தோள் ஒட்டி. ஆனால் எங்கள் எதிரே இவர் ஒருவர்தான் நின்றார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தேன். வாலு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துச் சிரித்திருந்தாள்.

விரலால் பழைய படங்களுக்குத் தள்ளினேன். போன வாரம் மொட்டை மாடியில் எடுத்தது. அதிலும் இருந்தது. வாலுவின் பள்ளி விளையாட்டு மைதானம். அதிலும் இருந்தது. போன மாதத்துக்கு முன்னால் எடுத்த எதிலும் இல்லை.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். போன் என் கையில் இருப்பதைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருங்க இது?" என்றேன்.

"தெரியல."

"போன மாசம் இங்க வந்தீங்க. நூல் சுத்தினவ நான். என்கிட்டயே மறைக்கறீங்களா?"

"வந்தேன். கூட்டம் சீக்கிரம் முடிஞ்சுது, ஒரு ராத்திரி தங்கினேன். உங்களை விட்டுட்டு வந்தேன்னு நீ கோவிச்சுப்பேன்னுதான் சொல்லல." கதவைப் பார்த்தார். வாலு வெளி அறையில் சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தணிந்த குரலில் சொன்னார். "சாயங்காலம் கரையில ஒரு ஆள் வந்தான். தனி ஆள். 'சார், என்னை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா'ன்னு அவன் போனைக் குடுத்தான். எடுத்துக் குடுத்தேன். படத்தைக்கூடப் பார்க்கல. வாங்கிட்டு ஓடாத குறையாப் போயிட்டான். அதுலேர்ந்துதான்."

"அதுலேர்ந்து என்ன?"

"நான் எடுக்கற எல்லாத்துலயும் இருக்கு."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட அழுது சண்டை போட்டுத் தெளிந்திருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது?

"அப்புறம் எதுக்கு எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வந்த இடத்துலயே விட்டுட்டுப் போயிடலாம்னுதான்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

காலையில் என்னை எழுப்பியது இவர்தான். கையில் காபி வேறு. வெயில் அப்போதுதான் கடல் பக்கமிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு நீ எடேன். என்னையும் வாலுவையும். நான் எடுக்கலைன்னா அது வராது பாரு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருவரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். என் முதுகில் கடல். அலை நுரை குதிகாலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. என் நிழல் மெல்ல நீண்டு அவர்கள் காலருகே போனது.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வா," என்றார் இவர். "தொடட்டும்."

தொட்டது. எடுத்தேன்.

முதுகுப் பக்கம் காற்று நின்றது. யாரோ நெருக்கத்தில் வந்து நின்றால் நிற்குமே, அப்படி. நனைந்த முடியின் வாடை வந்தது. திரும்பினேன். கடல்தான் இருந்தது.

இவர் போனை வாங்கவில்லை. "நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் சீட்டியடித்தார். ஒரு மாதமாக இவர் சீட்டியடித்து நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். என் நிழல் ஒன்று. அதன் தோளில் தலையைச் சாய்த்தபடி இன்னொன்று.

சமையலறையில் இவரைப் பிடித்தேன்.

"எடுக்கறவங்ககிட்ட அது போயிடும்னு உங்களுக்குத் தெரியும்."

"உறுதியாத் தெரியாது."

"ரோட்டுல போற எவன்கிட்டயாவது குடுத்திருக்கலாமே?"

"ஊரான் தலையில கட்ட மனசு வரல."

"அதான் பெண்டாட்டி தலையா?"

"உனக்கு என்னைவிடத் தைரியம் ஜாஸ்தி," என்றார். அதைப் பாராட்டு மாதிரி சொன்னார். பதினோரு வருடக் கல்யாணத்தில் எனக்கு அவ்வளவு வெறுத்துப் போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அப்போது வாலு உள்ளே ஓடி வந்தாள். "அம்மா, போன் குடும்மா. உன்னை நான் ஒரு போட்டோ எடுக்கறேன். எல்லாரும் எடுத்தாச்சு, நான்தான் எடுக்கல."

"வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணும்மா. அவங்களும் எடுக்கச் சொல்றாங்க."

"யாரு?"

வாலு என் தோளைப் பார்த்துச் சிரித்தாள்.

என்மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். சாகும்வரை ஒரு படமும் எடுக்காமல் இருந்துவிடலாம். யாரையும் என்னைப் படம் எடுக்க விடாமலும் இருந்துவிடலாம். என் பெண்ணிடம் போகக்கூடாது. போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். மத்தியானமே கிளம்பினோம்.

நான் காரின் முன் சீட்டில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்திரி சரியாகத் தூங்காத கண். சாலை திரும்பியதும் சாயும் வெயில் பின் கண்ணாடி வழியாக உள்ளே வந்து கழுத்தில் இதமாகப் பட்டது. தூங்கக்கூடாது என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

விழித்தபோது கைப்பை மடியில்தான் இருந்தது. ஜிப் திறந்திருந்தது.

போனும் உள்ளேதான் இருந்தது. திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

புதிதாக ஒரு படம். பின் சீட்டிலிருந்து எடுத்தது. நான் வாயைத் திறந்தபடி தூங்குகிறேன். என் தோளிலும் சீட்டின் முதுகிலும் இரண்டு நிழல்கள். ஒன்று சின்னது, இரட்டைப் பின்னலோடு. இன்னொன்று அதன்மேல் கை போட்டிருந்தது.

"வாலு," என்றேன். திரும்பத் தைரியம் வரவில்லை.

"உஷ். தூங்கறாங்கம்மா."

திரும்பினேன். வாலு ஜன்னலோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அந்தக் காலி சீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது.

அது இறுக்கமாக இருந்தது.